முப்பத்தேழு டிகிரிக் கட்டம்

லேபிள் அச்சடிக்கும் இயந்திரத்தின் சூடான முதுகில் மறதியாக வைத்திருந்த ஊசிக்குழலை எடுத்தவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே, காலையில் கலந்ததில் மிச்சமிருந்த மருந்து சுண்ணாம்புத் தண்ணீராகக் கலங்கிக் கிடந்தது.

அந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்குக் கணக்குப்புலி என்று பெயர். குறைமாதக் குழந்தைகளுக்கு நரம்பு வழியே ஏற்றும் சத்துநீரை அவள்தான் கலப்பாள். கால்சிய உப்பும் பாஸ்பேட் உப்பும் தனித்தனியாக இருக்கும்வரை பரம சாது. சேர்த்து அளவு மீறினால் பொடியாகப் பிரிந்துவிடும். பொடி இரத்தத்தில் கலந்தால் பிஞ்சு நுரையீரலை அடைத்துவிடும். எந்தச் சூட்டில் எவ்வளவு வரை கரையும் என்று முன்கூட்டியே சொல்லும் பட்டியல் சுவரில் தொங்குகிறது. காலையில் டாக்டர், "எலும்பு ரொம்ப வீக்கா இருக்கும்மா, ரெண்டையும் கூட்டிப் போடு" என்றார். பட்டியல் தாங்கும் என்றது. பையும் பளிச்சென்று தெளிவாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

இப்போது பட்டியலை மறுபடி பார்த்தாள். காலையில் அவள் பார்த்தது இருபத்தைந்து டிகிரிக் கட்டம். பக்கத்தில் முப்பத்தேழு. சூடு ஏறினால் உப்பு நன்றாகக் கரையும் என்பதெல்லாம் சமையலறைக்குச் சரி. இந்த ஜோடி நேர்மாறு, சூட்டில்தான் பிரியும். பட்டம் வாங்கியவளுக்கு இதுகூடவா மறக்கும்? மறந்துதான் தொலைத்தாள். பையிலிருந்து போகும் குழாயின் கடைசி முழம் கிடப்பது குழந்தை படுத்திருக்கும் முப்பத்தேழு டிகிரிச் சூட்டுப்பெட்டிக்குள்.

வார்டு போன் ஓயாமல் பிஸி. லிஃப்ட் வருகிற வழியாய் இல்லை. செருப்பை உதறிவிட்டு நாலு மாடியும் ஓடினாள். இன்னும் போட்டிருக்கக் கூடாது, போட்டிருக்கக் கூடாது என்று படிக்குப் படி கெஞ்சினாள்.

"அக்கா, அந்தப் பை..."

"அப்பவே போட்டாச்சே. பத்து நிமிஷம் இருக்கும்" என்றாள் நர்ஸ்.

பையில் தெளிவு. வெளியே தொங்கிய குழாயிலும் தெளிவு. பெட்டிக்குள் மட்டும் வெள்ளை. கையை நுழைத்துக் குழாயை மடித்து நெரித்தாள். பொடிக்கும் அந்தச் சின்னக் கைக்கும் நடுவே ஒரு விரற்கடை மிச்சமிருந்ததா, இல்லையா? அவளால் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. நர்ஸ் அவசரமாக ஊசியை உருவினாள்.

நாற்காலியில் இருந்த தாய் எழுந்து வந்தாள்.

"ஏங்க நிறுத்திட்டீங்க? பத்து நாளா தண்ணியாவே போச்சு. இன்னைக்குத்தான் வெள்ளையா வந்துச்சு. பால் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு இப்பத்தான் இவங்கப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்."

கணக்குப்புலி மடித்த குழாயை விடாமல், குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றாள்.