சொந்த வீட்டு ஆர்டர்

பிரிஸ்கில்லா எழுந்து போய் ஃபேனை நிறுத்தியதும் கூடத்தில் அழுகை ஒரு நொடி நின்றுவிட்டது. சித்திரை மாதத்துத் திண்டுக்கல்லில், முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் எழவு வீட்டில், ஃபேனை நிறுத்துகிற மருமகளை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. யாரோ கரண்டு போய்விட்டதா என்று கேட்டார்கள். சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள். பிரிஸ்கில்லா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்த நேரம் பொறுத்துக்கங்க சின்னம்மா. மாமா கண்ணு காஞ்சுறக் கூடாது" என்றாள்.

துக்கத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் அந்தம்மா நினைத்திருக்க வேண்டும். பிரிஸ்கில்லா அதற்குள் கட்டில் பக்கம் போய்விட்டாள். மாமனாரின் தலைக்கு இன்னொரு தலையணை கொடுத்து உயர்த்தினாள். மூடியிருந்த இமைகளின் மேல் நனைத்த பஞ்சை ஒவ்வொன்றாக வைத்தாள். பதினோரு வருடமாக இந்த வீட்டில் அவளைத் திட்டாத ஒரே மனிதர் அவர்.

இருதயநாதன் அன்று காலை ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டார். நெஞ்சைப் பிசைகிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், தண்ணீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். அடுத்த தெரு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அறுபத்தொன்பது வயது. மேட்டுப்பட்டியில் முப்பத்தைந்து வருடமாகப் பந்தலும் சேரும் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் புதுநன்மை விருந்து என்று எல்லாவற்றுக்கும் போவார். ஆனால் அவர் பெயரெடுத்தது எழவு வீட்டுக்குத்தான். தகவல் வந்து அரை மணியில் வாசலில் சாமியானா நிற்கும். அந்தப் பந்தலின் ஓரத்தில் தானும் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்து, யார் எப்படி அழுகிறார்கள், யார் என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துவிட்டு வருவார். அதை வீட்டில் சொல்ல மாட்டார். மருமகளிடம் மட்டும் கொஞ்சம் சொல்வார்.

அவரிடம் இரண்டு போன் இருந்தது. ஒன்று பட்டன் போன், பேசுவதற்கு. இன்னொன்று பிரிஸ்கில்லா பயன்படுத்திவிட்டுப் போட்ட பழைய போன், மூலையில் கண்ணாடி விரிசல் விட்டது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போனவளை நிறுத்தி அவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சிம் போட்டுத் தரவா என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். பேசுகிற போன் வேறு, யோசிக்கிற போன் வேறு, இரண்டையும் கலந்தால் இரண்டும் உருப்படாது என்பது அவர் கட்சி. அதில் தமிழ் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஏற்றினார். ஆர்டர், தேதி, எத்தனை சேர், எந்தத் தெருவுக்குள் வண்டி நுழையாது, பிரஷர் மாத்திரை, கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், எல்லாம். நெட்வொர்க் கிடையாததால் அந்தப் போனின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். அதை அவர் திருத்தவில்லை. பந்தல்காரன் ஐந்து நிமிடம் முந்தி இருப்பதுதான் நல்லது என்பார்.

அன்று காலை ஏழு மணிக்கு வாசலில் உட்கார ஒரு சேர் இல்லை. ஊருக்கெல்லாம் சேர் போட்டவர் வீட்டு எழவில் ஜனங்கள் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். கடைச் சேர்கள் எங்கே போயிருக்கின்றன என்று பார்க்கத்தான் பிரிஸ்கில்லா அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் போனை எடுத்தாள். அய்யலூரில் முந்தின நாள் முடிந்த ஒரு காதுகுத்துக்கு இருநூறு சேர் போயிருந்தது. போன் போட்டு அவற்றைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். பிறகு ஆர்டர் பட்டியலை மூடப் போனவள் கடைசி வரியைப் பார்த்தாள். 'சொந்த வீடு. தேதி பிறகு' என்று இருந்தது.

திறந்து படித்தாள். தான் போன பிறகு தன் கண்களைத் தானம் கொடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தார். படித்துவிட்டு, கீழே இருந்த நம்பரைத் தன் போனில் அழுத்தினாள். அது கண் வங்கி. எதிர்முனையில் இருந்த பெண் நிதானமாகப் பேசினாள். மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும், உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், பதினொன்றே முக்காலைத் தாண்டினால் பயனில்லை, அவர் மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் பத்து மணிக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள். மணி எட்டே கால் ஆகியிருந்தது. அதன் பிறகுதான் பிரிஸ்கில்லா ஃபேனை நிறுத்தினாள்.

வீட்டு ஆட்களை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கணவன் ஆண்டனிராஜ், ஒட்டன்சத்திரத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்த நாத்தனார் ஐரின், மாமாவின் தம்பி கிளெமென்ட். மாமியார் வியாகுலம்மாளை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். பிரிஸ்கில்லா விஷயத்தைச் சொன்னாள்.

கிளெமென்ட்தான் முதலில் வாயைத் திறந்தார். நம்ம இஷ்டத்துக்கு இதைச் செய்ய முடியாது, பங்குச் சாமியாரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். பிரிஸ்கில்லா போனை அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

'கிளெமென்ட்: சாமியாரைக் கேட்கணும் என்பான். கேட்டாயிற்று. நல்ல காரியம் என்றார்.'

கிளெமென்ட் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

ஐரின் இது எதையும் காதில் வாங்கவில்லை. அப்பா கண்ணில்லாமல் எப்படி மோட்சத்துக்குப் போவார், அங்கே போய்த் தடவிக்கொண்டு நிற்பாரா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிரிஸ்கில்லா அவளுக்கான வரியை வாசித்தாள். 'ஐரின்: கண்ணில்லாமல் மோட்சத்துக்கு எப்படி என்று அழுவாள். எந்தச் சந்துக்கும் வழி கேட்காமல் வண்டி விட்டவன் நான். அங்கேயும் போய்விடுவேன் என்று சொல்.' ஐரின் அழுதபடியே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக இன்னும் சத்தமாக அழுதாள்.

ஆண்டனிராஜ் தாடையைத் தேய்த்துக்கொண்டு, அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் யோசிப்போம் என்றான். 'ஆண்டனி: யோசிப்போம் என்பான். அவன் யோசித்து முடிப்பதற்குள் முப்பதாம் நாள் பூசை வந்துவிடும்.' பிரிஸ்கில்லா அதையும் வாசித்தாள். அண்ணனுக்கு ஏற்கெனவே கண் ஆப்பரேசன் ஆனது என்று கிளெமென்ட் சுவரைப் பார்த்தபடியே ஞாபகப்படுத்தினார். அதற்கும் பதில் இருந்தது. 'ஆப்பரேசன் ஆன கண்ணையும் எடுத்துக்கொள்வார்கள். நேரில் போய் விசாரித்தாயிற்று.' முப்பத்தைந்து வருடம் எழவு வீட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். யார் எந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கு அத்துபடி.

வியாகுலம்மாள் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இப்போது நிமிர்ந்தாள்.

"ஒனக்கு என்ன எழுதியிருக்காரு?"

"'பிரிஸ்கில்லா: நம்பரைப் போட்டுவிடுவாள்'னு இருக்கு, அத்தை."

"எனக்கு?"

பிரிஸ்கில்லா விரலால் மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள். அவள் காலையிலேயே பார்த்துவிட்டாள், இல்லாதது இப்போது வந்துவிடப் போவதில்லை. ஆனாலும் தள்ளினாள். எதையாவது வாசித்துவிட்டால் போதும். 'வியாகுலம்: அவள் மனசு எனக்குத் தெரியும்' என்று ஒரு வரியைச் சொன்னால் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் போனில் படிக்க வராது. மணி ஒன்பதே கால். மதுரையில் வண்டி காத்து நிற்கிறது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் எழுதலை, அத்தை."

வியாகுலம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். கட்டிலைப் பிடித்து எழுந்தாள். தாங்க வந்த ஐரினின் கையை விலக்கிவிட்டு, தானாகவே நடந்து அடுப்படி வழியாகப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ஆண்டனிராஜ் மனைவியைக் கோபித்துக்கொண்டான். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும், அம்மாவிடம் கையெழுத்தை மட்டும் வாங்கிவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். பிரிஸ்கில்லாவுக்கு அவன் மேல் வந்த கோபத்தைவிட, கூடத்தில் படுத்திருக்கிறவர் மேல்தான் அதிகமாக வந்தது. ஊரில் அத்தனை பேர் வாயையும் தெரிந்து வைத்திருந்த மனிதருக்கு, பக்கத்தில் படுத்திருந்தவளைக் கேட்கத் தோன்றவில்லையே. "ஒங்கப்பா செஞ்சதையே நானும் செய்யவா?" என்று கேட்டுவிட்டு அவள் பின்கட்டுக்குப் போனாள்.

வியாகுலம்மாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பிரிஸ்கில்லா கீழே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். வாசலில் அய்யலூர் வண்டி வந்து சாமியானாவையும் சேர்களையும் இறக்கும் சத்தம் கேட்டது.

"இந்த வீட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சாரு. என்னைக் கேக்கலை" என்றாள் வியாகுலம்மாள். "ஐரினுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சுட்டு வந்து, காப்பி போடுன்னாரு. நல்ல மாப்பிள்ளைதான். நான் இல்லேங்கலை. ஆனா கேக்கலை. நாப்பத்திமூணு வருசம். அம்புட்டும் நல்லதுக்குத்தான் செஞ்சாரு, ஒண்ணுக்கும் கேக்கலை. இப்பப் போறப்பவும் கேக்கலை பாரு."

பிரிஸ்கில்லா யோசித்தாள். சமாதானம் சொல்லலாம். மாமா உங்களை நம்பித்தான் எழுதாமல் விட்டார் என்று சொல்லலாம். எது உண்மை என்று அவளுக்கே தெரியாது. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நான் கேக்கறேன், அத்தை. மாமாவுக்காக இல்ல, நானாத்தான் கேக்கறேன். குடுக்கலாமா, வேண்டாமா? வேண்டாம்னீங்கன்னா இப்பவே போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிருவேன். ஒருத்தரும் உங்களை ஒண்ணும் சொல்ல விட மாட்டேன்."

வியாகுலம்மாள் மருமகளை உற்றுப் பார்த்தாள். இது உண்மையிலேயே கேள்விதானா என்று சோதிப்பதைப் போல ரொம்ப நேரம் பார்த்தாள். பிரிஸ்கில்லா மணியைப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். வேண்டாம் என்று வந்தால் அப்படியே விட்டுவிடவும் மனதைத் தயார் செய்துகொண்டாள். அது அவளுக்குச் சுலபமாக இருக்கவில்லை.

"முகம் கெட்டுப் போயிருமா?"

"கெடாது அத்தை. மூடினாப்புலயே இருக்கும். பாத்தா தெரியாது."

"யாருக்கு வைப்பாக?"

"ரெண்டு பேருக்கு. பேர் சொல்ல மாட்டாங்க."

வியாகுலம்மாள் முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். எங்கேயோ இரண்டு பேர், கண் தெரியாதவர்கள், பார்க்கப் போகிறார்கள் என்பதை அவள் மெல்ல மனதுக்குள் வாங்கிக்கொள்வது தெரிந்தது. பிறகு மருமகளின் மடியைக் காட்டினாள்.

"அதை எடு. அவரு எழுதினதுக்குக் கீழ நான் சொல்றதை எழுது."

பிரிஸ்கில்லா போனைத் திருப்பித் திறந்தாள்.

"வியாகுலத்தைக் கேக்காதது தப்புன்னு முதல்ல எழுது."

எழுதினாள்.

"பிரிஸ்கில்லா கேட்டா. நான் சரின்னேன். அம்புட்டுத்தான்." கல்லைப் பிடித்து எழுந்தவள் நின்று, "தேதியும் போடு. அவருக்குத் தேதி இல்லாட்டா ஆர்டரே கெடையாது" என்றாள்.

எழுதி முடித்ததும் பிரிஸ்கில்லா போனை அவளிடம் நீட்டி, எங்கே தொட வேண்டும் என்று காட்டினாள். வியாகுலம்மாள் ஆள்காட்டி விரலை ஒரு தடவை புடவையில் துடைத்துக்கொண்டு, அழுத்திச் சேமித்தாள். ஒன்பது ஐம்பதுக்கு மதுரைக்குத் தகவல் போனது.

பதினொன்று இருபதுக்கு வெள்ளை ஜீப் வந்து நின்றது. ஓர் இளவயது டாக்டரும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். வியாகுலம்மாள் படிவத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். கிளெமென்டும் ஐரினும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கூடத்தில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பந்தலில் போட்ட இருநூறு சேரில் பாதி காலியாகத்தான் கிடந்தது, ஜனங்கள் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. கதவு திறந்ததும் வியாகுலம்மாள்தான் முதலில் உள்ளே போனாள். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அது தூங்குகிற முகமாகவே இருந்தது. ஃபேனைப் போடச் சொன்னாள்.

டாக்டர் கையில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். அவர் அதோடு வெளியே வந்தார். உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். ஜீப்பின் பின் சீட்டில் பெட்டியை வைத்துப் பெல்ட் போட்டார்கள்.

எழவு வீட்டுக்காரி வாசலைத் தாண்டக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். வியாகுலம்மாள் தாண்டி வந்து ஜீப்பின் கண்ணாடிப் பக்கம் நின்றாள்.

"சர்ச் முக்குல ஒரு மேடு கெடக்குய்யா. புதுசா வர்றவுகளுக்குத் தெரியாது. பாத்து மெதுவா ஏத்தி எறக்குங்க."

டிரைவர் சரிம்மா என்றான். ஜீப் நகர்ந்தது. மேட்டில் முன் சக்கரம் ஏறி இறங்கி, பின் சக்கரமும் ஏறி இறங்குகிற வரை அவள் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.