கட்டியங்காரனுக்கு ஒரு புதுச் சிரிப்பு

...கொக்குக்குக்கூடச் சிரிப்பு வரவில்லையே, இத்தனைக்கும் தாசில்தார் ஒற்றைக்காலில் நின்றால் எப்படியிருக்கும் என்று நின்றே காட்டியாயிற்று, அம்பத்தூர் ஏரியில் இருந்த ஏழாயிரம் கொக்கில் ஒன்றாவது அலகைத் திறக்கவேண்டாமா, என்று நொந்துகொண்டான் தசரதன். விடிந்ததிலிருந்து கரையை நாற்பது தடவை அளந்துவிட்டான், கரையே இரண்டடி தேய்ந்திருக்கும், ஒரு புது நையாண்டி அகப்படவில்லை. நாளைக்குச் சேக்காட்டில் கூத்து. பதினெட்டு வருஷமாகக் கட்டியங்காரன் வேஷம் அவனுக்குத்தான், ராஜாவோடு வாயாடி ஜனங்களைச் சிரிக்கவைக்கிற வேலை... போன வருஷம் துரியோதனன், "மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டு வாய் மூடுமுன், "எங்க ஊட்டுக் கூரைக்குள்ள மட்டும் பெய்யிது ராசா!" என்று இவன் சொல்லவேண்டிய பழைய பதிலைக் கூட்டமே முந்திச் சொல்லிவிட்டது, கைக்குழந்தை சொன்னது, கட்டியிருந்த மாடுகூடச் சொன்னது என்று சத்தியம் பண்ணுவான். நேற்று கூத்து வாத்தியார் மணவாளன் வாசலில் வந்து நின்றார். "இன்னா தசரதா, புச்சா எதுனா கீதா? இல்லாங்காட்டி சொல்லிடு, முனியனுக்கு வேஷத்தக் குடுத்துர்றேன். ரங்கூன் போய்ட்டு வந்துகிறான், அவனாண்ட மூட்டை மூட்டையா கீதாம்." "குதிர் நெறய கீது வாத்தியாரே," என்று இவன் புளுகினான்... குதிரில் எலிகூட இல்லை. வேஷமும் போய்விட்டால் இவன் வாய்க்குப் பதில் சொல்ல உலகத்தில் யார் மிச்சம்?

முன்பெல்லாம் எங்கிருந்துதான் வந்தது? அதோ அரக்கோணம் ரயில் கரியைத் துப்பிக்கொண்டு போகிறது, அதில் என்ன சிரிப்பு... பேர்தான் தசரதன், பெண்டாட்டி ஒருத்திதான், ஆனால் அறுபதாயிரம் பேருக்கு உண்டான வாய் அந்த வடிவுக்கு, அவள் இங்கே திட்டினால் ஆவடியில் காக்காய் பறக்கும். மும்மாரி... அட, அது அவள் சொன்னதல்லவா, ஒழுகுகிற இடத்திலெல்லாம் சட்டியை வைத்துக்கொண்டு, "மாசம் மும்மாரியும் நம்ம ஊட்டுக்குள்ளயே பெஞ்சிட்டுப் போவுதுய்யா" என்று... அப்படியானால் கூத்தில் சொல்கிற அந்தக் கழுதை நையாண்டி? அதுவும் அவள்தான். சம்பந்தி பல்செட்? அவளேதான். பதினெட்டு வருஷம், வீட்டில் வாங்கின வசவுக்கே வேஷம் கட்டிவிட்டு, என் மூளை என் மூளை என்று மார்தட்டினானே, ஒரு நாளாவது அவளிடம் ஒப்புக்கொண்டானா? அவள் போய்ச்சேர்ந்து இரண்டு தை ஆகிறது. வேண்டுமென்றே சோற்றைக் கருகவிட்டுப் பார்த்தான், ஆட்டை உள்ளே விட்டு முறத்து அரிசியைத் தின்னக்கொடுத்தான், ஒரு வசவு வரவில்லை, ஆடு மட்டும் மென்றது.

அவள் சொன்னதில் ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கும் சொல்லாதது. ஜுரத்தில் அவள் கிடந்த கடைசி நாள், இவன் தலைமாட்டில் உட்கார்ந்து மூக்கு ஒழுகக் கேவினான், அவள் கண்ணைத் திறந்து இவன் முகத்தையே பார்த்தாள். "இன்னாய்யா... கூத்துல கூட... நீ இம்மாஞ் சிரிப்புக் காட்னதில்லையே." அதைச் சொன்னால் சேக்காடு உருண்டு புரளும், சத்தம் பூந்தமல்லிக்குக் கேட்கும், முனியன் மறுகப்பலில் ரங்கூனுக்கே ஓடுவான்... சீ, இதையா கொண்டுபோய் அத்தனை பேர் நடுவில், மாட்டான், மாட்டவே மாட்டான்... ஆனால் உதடு ஏன் தானாக அசைகிறது, 'கூத்துல கூட' என்றபின் ஒரு மூச்சு நிறுத்தவேண்டும், ஒன்றுதான், அப்போதுதான் அடுத்தது வெடிக்கும், அவளும் சரியாக அங்கேதான் நிறுத்தினாள்... தெரிந்து நிறுத்தினாளா, மூச்சு வாங்கியா?