வலது பாதம்

இன்று மாலை வகுப்பை விட்டுவிட்டு அப்பாவுடன் மருத்துவமனைக்குப் போனேன். சர்க்கரையால் அவர் பாதங்கள் மரத்துவிட்டன. பள்ளி கேட்ட தகுதிச் சான்றுக்கான சோதனையில் இது தெரிந்தால், பள்ளி வேன் ஓட்டும் வேலை போய்விடும்.

"நர்ஸ் தொடும்போதெல்லாம் லேசா இருமிடும்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்றார்.

தொடுவது தெரிந்தால் "ஆமா" சொல்லச் சொன்னார் நர்ஸ். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் இடது பாதத்தில் நைலான் இழையால் ஐந்து இடங்களில் தொட்டார். ஐந்து முறையும் நான் இருமினேன். அப்பா "ஆமா" என்றார்.

"பொண்ணுக்கும் சேத்து மருந்து எழுதச் சொல்லணும் போல," என்று நர்ஸ் சிரித்தார்.

அடுத்தது வலது பாதம், பிரேக்கை மிதிப்பது. வேனில் வரும் பதினாறு பிள்ளைகளை நினைத்தேன். நான் இருமவில்லை. செய்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

நர்ஸ் ஐந்து இடங்களிலும் தொட்டுவிட்டு, இழையை மேசையில் வைத்தார்.

அப்பா கண்ணைத் திறக்காமலே, "ஆரம்பிக்கலாம் சிஸ்டர், நான் ரெடி," என்றார்.