ஒரு மாத அவகாசம்

வாய்க்கால் கரையில் நூல் பிடித்துப் பார்த்தபோது புங்கமரம் நூலை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. மரம் செய்த குற்றம் அவ்வளவுதான்.

எழுபத்துநாலாம் வருஷம் ஜூன் கடைசி. நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, மலையாள எல்லைக்குள் இருந்த அந்தச் சிற்றூரில் வனமகோத்சவம் நடக்கப்போவதாக ஒரு ஜீப் வந்து சொல்லிவிட்டுப் போனது. நூறு தைலமரக் கன்றுகள் வரும். கரை நெடுக, போலீஸ் அணிவகுப்பு மாதிரி ஒரே கோட்டில் நடப்படும். கோட்டுக்கு இடைஞ்சலாக இருப்பதையெல்லாம் முன்கூட்டியே அகற்ற வேண்டும். மரம் நடும் விழாவுக்கு மரத்தை வெட்டுவதில் ஜீப்பில் வந்த ஆபீசருக்கு வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் முகச்சவரம் செய்துகொள்வதைப் போலத்தான் அதைச் சொன்னார்.

அந்த மரத்தை நம்பி மூன்று ஏக்கர் நெல் வயல் வைத்திருந்தவள் மருதாத்தாள். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய் ஒன்பது வருஷம். வருஷா வருஷம் உழவு ஓட்டியதும் புங்கந்தழையை வெட்டிச் சேற்றில் போட்டு மிதிப்பாள். அது அழுகி உரமான பிறகுதான் நடவு. மூட்டை உரம் அவள் வயலில் இறங்கியதில்லை. மரமும் தழைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. வெட்டிய கொம்பு மறுநாள் காலையில் துளிர்த்திருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. மறுநாள் மத்தியானம் ஆகும்.

அவளுடைய கோபம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன் ஆனைமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதிதில், பஸ் கண்டக்டர் ஒருவர் அவளைப் பார்த்து, "நீங்ஙு, நீங்ஙு" என்றார். மலையாளத்தில் அதற்கு நகர்ந்து நில் என்று பொருள். மருதாத்தாள் காதில் விழுந்தது 'நீங்கு'. ஊரை விட்டே போகச் சொல்கிறான் என்று பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ஆறு மைல் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். அவள் இறங்கிய இடத்தில் அந்த பஸ் அதற்கப்புறம் ஒரு வாரம் தானாகவே நின்று போனது. அன்றைக்கே அவள் சபதம் செய்துவிட்டாள்: இந்தப் பாஷையில் ஒரு வார்த்தை கற்றுக்கொள்வதில்லை.

நூல் பிடித்த அன்று அவள் வரப்பிலிருந்து நேராகக் கரைக்கு ஏறினாள்.

"ஏனுங்க ஆபீசரய்யா, மரம் உங்களை என்னுங்க பண்ணுச்சு?"

ஆபீசர் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். அவன் செங்கோட்டையன், விழாக் கமிட்டிப் பிரசிடெண்ட். மருதாத்தாளுக்குக் கொழுந்தன் முறை.

"நங்கையா, சும்மா இருங்க," என்றான். அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மரம் புறம்போக்குல நிக்குது. சர்க்கார் சமாச்சாரம்."

"உன்னைய ஆரு கேட்டா?" அவள் ஆபீசர் பக்கம் திரும்பினாள். "வாய்க்கால்ல இன்னும் தண்ணி வரலீங்க. ஒழவு ஓட்டாம தழைய வெட்டி என்ன பண்றது, தலைக்கு வெச்சுப் படுத்துக்கறதுங்களா? எனக்கு ஒரு மாசம் அவகாசம் வேணுமுங்க."

ஆபீசருக்கு முகம் மாறிவிட்டது. தமிழில் அவகாசம் என்றால் தவணை. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. வார்த்தை ஒன்று, சத்தமும் ஒன்று.

"அவகாசமோ! புறம்போக்கில் நிக்குந்ந மரத்தில் நிங்ஙள்க்கு எந்து அவகாசம்?"

"ஒரே ஒரு மாசமுங்க."

"ஒரு மாசமல்ல, ஒரு மணிக்கூர் அவகாசமும் இல்லா!"

"பாத்தியா செங்கோட்டையா! ஒரு மணி நேரங்கூடத் தர மாட்டாராமா!" அவள் குரலில் வாய்க்காலின் மறுகரையில் மேய்ந்த எருமைகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு வரிசையாக நின்றன. ஆபீசர் எதிர்பார்த்த நேர்கோடு அன்றைக்கு அந்த ஊரில் எருமைகளிடம் மட்டும்தான் கிடைத்தது.

"அவகாசம் உண்டெங்கில் தாலுக்கா ஆபீசில் எழுதிக் கொடுக்கட்டே," என்று ஆபீசர் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் மருதாத்தாள் கொழுந்தனைப் பிடித்தாள்.

"அந்தாளு வெளியூரு, தெரியாம பேசறாரு. உனக்கென்ன கேடு? உங்கப்பன் தலைச்சுமையாத் தழை கொண்டு போனது இந்த மரத்துல இருந்துதானே?"

"காலம் மாறிப் போச்சுங்க நங்கையா. இப்பத்தான் யூரியா வந்துருச்சே."

"அதைச் சோத்துல போட்டுப் பெசஞ்சு தின்னு. வாரம் ஒருக்கா தலையில கதிர் வருதான்னு நான் வந்து பாக்கறேன்."

மறுநாளே டவுனுக்குப் போனாள். தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவன் மாரப்பன், நல்லேப்பிள்ளிக்காரன், இரண்டு பாஷையும் தெரிந்தவன். அவள் தமிழில் சொல்லச் சொல்ல மலையாளத்தில் எழுதினான். வாய்க்கால் கரை, புங்கமரம், தழை உரம் எல்லாவற்றையும் சரியாக மாற்றினான். 'அவகாசம்' வந்த இடத்தில் மட்டும் பேனா நிற்காமல் ஓடிவிட்டது. வார்த்தை அதேதானே என்று கை எழுதிவிட்டது. 'மேற்படி மரத்தின் மேல் எனக்கு ஒரு மாதத்துக்கு அவகாசம் தர வேண்டும்.'

உள்ளே தாசில்தார் அதை இரண்டு தரம் படித்தார். முப்பது வருஷ சர்வீஸில் உரிமை கேட்டு வந்தவர்கள் எல்லாரும் ஆயுளுக்கும் கேட்டவர்கள். பேரன் காலம் வரைக்கும் கேட்டவர்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் உரிமை கேட்டு, அப்புறம் வேண்டாம் என்று சொல்கிற மனுஷி இவள்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டதாக பியூன் சொன்னான். பத்து நாள் கழித்து வந்து உத்தரவை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்தப் பத்து நாளில் மழை பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மருதாத்தாள் வயலை உழுது வைத்து, தழை மிதிக்கவும் பிறகு நடவுக்கும் பூவாத்தாளின் செட்டைச் சொல்லி வைத்தாள். பதினாலு பெண்கள். விழாவுக்கு முதல் நாள் காலை பஸ் ஏறி டவுனுக்குப் போய், முத்திரை குத்திய காகிதத்தை வாங்கி, மழையில் நனையாமல் இருக்க ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கினால் வானம் அதிகமாக இருந்தது.

முதலில் அவளுக்கு அதுதான் தோன்றியது. எப்போதும் பச்சை தெரிகிற இடத்தில் வெறும் மேகம். பக்கத்தில் போனபோது அடிமரத்தில் ஈரம் காயவில்லை. நாலு ஆட்கள் காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டிருந்தார்கள். ஓர் இலைகூடக் கீழே கிடக்கவில்லை. கொம்புகள் எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ப் பந்தல்காலாக நின்றன. தழை முழுவதும் பந்தலுக்குக் கூரையாகவும் மேடைக்குத் தோரணமாகவும் வாசலுக்கு வளைவாகவும் ஏறியிருந்தது. மரம் இருந்தபோதுகூட அவ்வளவு தழை இருந்ததாக யாருக்கும் தெரியாது.

செங்கோட்டையன் வளைவின் உச்சியில் ஏணி போட்டு நின்றான்.

"எறங்குடா."

"நங்கையா, வேலையிருக்குது."

"எறங்கறியா, நானே ஏணிய இழுக்கட்டுமா?"

இறங்கினான். காகிதத்தை நீட்டினாள். அவன் படித்தான். படிக்கப் படிக்க அவன் காதுமடல் சிவந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"ஒரு மாசம் டைம் குடுத்திருக்காங்க. மரந்தான் இல்லீங்களே, இனி டைம வெச்சு என்ன பண்றது?"

மருதாத்தாள் காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அவள் பேசாமல் போனதைப் பார்த்த கிழவர்கள் இரண்டு பேர் அன்றைக்கே வெளியூர் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

விழா காலை பத்து மணிக்கு. கன்று நடுவதற்கு முன் 'பச்சிலைவள வகுப்பு' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. மலையாளத்தில் பச்சிலைவளம் என்றால் தழை உரம். தமிழ்க்காரர்கள் படித்தது பச்சிலை வைத்திய வகுப்பு என்று. அதனால் அந்த ஊர் சரித்திரத்தில் இல்லாத கூட்டம். முழங்கால் வலிக்காரர்கள் மட்டும் முப்பத்தொன்பது பேர். காளிச்சாமி என்பவர் எண்ணெய் வாங்கிப் போக இரண்டு சீசா கொண்டுவந்திருந்தார். மாரப்பனும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டவுனிலிருந்து வந்திருந்தான்.

மருதாத்தாள் பந்தலுக்கு வெளியே, வளைவின் கீழே நின்றாள். உள்ளே போய் உட்கார அவளால் முடியவில்லை. மாரப்பன் அவளிடம் வந்தான்.

"என்னுங்கக்கா, உத்தரவு வந்துதா?"

"வந்துது. மரம் போன பொறகு டைம் வந்துது," என்று காகிதத்தை அவன் கையில் திணித்தாள்.

மாரப்பன் படித்தான். இடுப்பு வலி போய்விட்டது; நிமிர்ந்தான். பச்சிலையே இல்லாமல் அந்த விழாவில் குணமான ஒரே ஆள் அவன்தான்.

"அக்கா, இது டைம் இல்லீங்க. நான் எழுதினது உரிமைன்னு ஆகிப்போச்சு. தாசில்தார் மரத்தையே உங்களுக்குக் குடுத்துட்டாரு. ஒரு மாசத்துக்கு."

"என்றா சொல்றே?"

"வேர், அடி, கொம்பு, தழை, எல்லாமே உங்களதுன்னு இதுல இருக்குது. சீல் குத்தியிருக்குது."

"இதைச் செங்கோட்டையன் படிச்சானே!"

"அவருக்கு மலையாளம் நல்லாத் தெரியுமுங்களே."

மேடையில் ஆபீசர் வகுப்பைத் தொடங்கியிருந்தார். தமிழையும் மலையாளத்தையும் கலந்து, மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. பக்கத்துத் தோரணத்திலிருந்து ஒரு கொத்தைப் பறித்து உயர்த்திக் காட்டினார். "இதாணு உங்ஙு. நிங்ஙள் புங்கு என்னு சொல்லுந்நது. இதுபோலே நல்ல பச்சிலைவளம் வேறில்லை. மண்ணுக்கு இது தாய்ப்பால். ஒரு ஏக்கருக்கு இரண்டு டன் வேணும். ஓரோ ஆளும் இந்த மரத்தைக் காக்க வேணும், வெட்டக்கூடாது!"

முழங்கால் வலிக்காரர்கள் கை தட்டினார்கள், அடுத்தது எண்ணெய்தான் என்று நம்பி.

மருதாத்தாள் வயல் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். அது மைக் இல்லாமலே, மைல் கணக்கில் தள்ளியிருந்த கொழிஞ்சாம்பாறை வரைக்கும் போய்த் திரும்பியது. "பூவாத்தா! செட்டக் கூட்டிட்டு வா! தழை இங்க இருக்குது!"

சொல்லி வைத்தபடி தழை மிதிக்க வந்து வரப்பில் காத்திருந்த பதினாலு பேரும் சேலையை ஏற்றிச் செருகியபடி வந்தார்கள்.

"ஏனுங்கக்கா, பந்தல்லயா கை வெக்கறது?" என்றாள் பூவாத்தாள்.

"என்ற மரத்துல கை வெக்கறோம். ஆபீசர் சொன்னது கேட்டுதில்ல? ஏக்கருக்கு ரெண்டு டன். அரை டன் கொறஞ்சாலும் அவரு வருத்தப்படுவாரு. உருவு!"

முதலில் வளைவு போனது. பிறகு தோரணம். பிறகு கூரையை ஒரு மூலையிலிருந்து பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டினார்கள். மழை அதற்காகவே மேலே காத்திருந்தது போல மேடையில் இறங்கியது. செங்கோட்டையன் ஒரு பந்தல்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"நங்கையா, மானம் போகுதுங்க! குடும்ப மானம்!"

"நேத்தைக்கு என்னைய ஏமாத்துனியே, அப்ப எங்கடா போயிருந்துது? விடு அந்தக் கால. அதும் என்றதுதான்."

"இது எந்தா? ஆராணு இவர்?" என்று ஆபீசர் மைக்கில் கேட்டார். மாரப்பன் மேடையேறி அதே மைக்கில் உத்தரவை மலையாளத்தில் வாசித்தான். தாசில்தார் பேர், தேதி, முத்திரை எல்லாம். கீழே வந்து தமிழில் ஒரு தரம். ஆபீசர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மேலே பார்த்தார். கூரை இல்லை. அவர் கையில் இருந்த கொத்தை மட்டும் இன்னும் யாரும் கேட்கவில்லை. பூவாத்தாள் வந்து அதையும் பணிவாக வாங்கிக்கொண்டாள்.

பதினோரு நடை நடந்தார்கள். மருதாத்தாள் முதல் ஆளாகச் சேற்றில் இறங்கி மிதித்தாள். கூட மிதித்த பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பேரைச் சொல்லி மிதித்தாள். கொழுந்தன் பேர்தான் அதிகம் வந்தது. அந்த வயலில் அந்தப் போகம் விளைந்த நெல்லைத் தின்றவர்களுக்கு ரொம்ப நாள் வரை காரணமில்லாமல் கோபம் வந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மழை விட்டது. நனைந்த ஆபீசர், நனைந்த கமிட்டி, நனைந்த பெஞ்சுகள். நூறு கன்றுகளை நட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தபோது மருதாத்தாள் திரும்ப வந்தாள். தொடை வரைக்கும் சேறு. விருந்தாளிகளுக்காக வெள்ளைத் துணி விரித்துப் போட்டிருந்த முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க ஆபீசரய்யா. வகுப்பு இன்னும் முடியலீங்களே."

ஆபீசர் மைக்கைப் பார்த்தார்.

"இந்த வருசத்துக்கு மிதிச்சாச்சுங்க," என்றாள். "அடுத்த வருசத்துக்கு நான் எங்கீங்க போறது? தைலமரத்துத் தழைய மிதிச்சா நெல்லு வெளையுமுங்களா? நீங்க படிச்சவரு. சொல்லிட்டு எந்திரிங்க."

அவர் செங்கோட்டையனைப் பார்த்தார். செங்கோட்டையன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். ஜீப் டிரைவர் ஒரு தரம் ஹார்ன் அடித்தான்.

"ஹார்ன் அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க," என்று மருதாத்தாள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேடைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.