பின்னோக்கிப் போன இஞ்சி

சாலைக் கடைத்தெருவில் மொத்தச் சுக்கு வியாபாரம் செய்யும் நீலகண்டன், போன ஆடி மழைக் காய்ச்சல் தெளிந்து எழுந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது: ஜிஞ்சர். பசித்தாலும் அதுதான், தலை வலித்தாலும் அதுதான். முன்பெல்லாம் அவர் பேச ஆரம்பித்தால் சரக்கெடுக்க வந்தவர் ஊர் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிடுவார். மனைவி முத்தாரம்மாள் பழவங்காடிப் பிள்ளையாரிடம் போய், அவர் வாயால் என் பேரைச் சொன்னால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

ஓணம் கழிந்ததும் சொல் ஜிஞ்ஜிப்ர் என்று மாறியது. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் மகள் ரேஷ்மிதான் அகராதி பார்த்து, அப்பா பேசுவது பழைய பிரெஞ்சு என்றாள். அடுத்து லத்தீனில் ஸிஞ்சிபர், பிறகு கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ். மனிதர் நாகர்கோவிலைத் தாண்டிப் படித்ததில்லை. சொல் ஒவ்வொரு படி பின்னே போகும்போதும் கிட்டங்கிச் சாக்குகளில் அடுக்கியிருந்த சுக்குக்கும் வயது குறைந்தது. லத்தீனில் சுருக்கம் விட்டது, கிரேக்கத்தில் ஈரம் கசிந்தது, பாலியில் சிங்கிவேர என்றபோது சாக்கைத் துளைத்துக்கொண்டு பச்சை முளை எட்டிப் பார்த்தது. வாங்க வந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டு மஞ்சள் விலையை விசாரித்துப் போனார்கள்.

ரேஷ்மிக்குக் கவலை வேறு. "அம்மா, இஞ்சிங்கற சொல்லு இங்கேருந்து சீமைக்குப் போன வழியிலேயே அப்பா திரும்பி வாராரு. இனி நம்ம தமிழ் ஒண்ணுதான் பாக்கி. அதுக்குப் பின்னாடி சொல்லே கெடையாது. அப்பா அங்க போயிட்டா பின்னே பேச்சு மிண்டாட்டமே இருக்காது, கேட்டியா."

முத்தாரம்மாள் பயந்துபோய், அவர் வாய் திறக்கவே இடம் கொடுக்காமல் வெற்றிலை மடித்துத் திணித்தபடி இருந்தாள். ஒருநாள் காலை அவர் அதைத் துப்பிவிட்டு, இஞ்சிவேர் என்றார். தெரு முழுக்கப் பச்சை இஞ்சி மணத்தது. அதன்பின் மார்கழிவரை அவரிடமிருந்து சத்தமே இல்லை. முத்தாரம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

திருவாதிரையன்று காப்பி தாமதமானது.

"ஏட்டி," என்றார் நீலகண்டன்.

"என்னா," என்று அடுக்களையிலிருந்து எப்போதும்போல் பதில் சொன்ன பிறகுதான் கூப்பிட்டது யார் என்று அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சொல்லை ரேஷ்மி அகராதியில் தேடவில்லை. ஆனால் கணக்குக் கேட்டாள். "பேரைச் சொன்னாத்தானம்மா தேங்காய் நேர்ச்சை?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுசன் என்னை வேற என்ன சொல்லிக் கூப்பிட்டிருக்கு? அதுதாம்ட்டி எனக்குப் பேரு."

நூற்றெட்டும் உடைத்தாயிற்று. நீலகண்டன் இப்போது பழையபடி பேசுகிறார், பஸ்கள் தவறுகின்றன. சுக்குதான் திரும்பவில்லை, எந்த வெயிலில் காயப்போட்டாலும் சாயங்காலத்துக்குள் முளைத்துவிடுகிறது. அதனால் கடையில் பச்சை இஞ்சிதான் விற்கிறார்கள். விலை சுக்கைவிடக் குறைவு.