களவுபோன மோட்டார் சைக்கிளுக்குத் தீர்வை

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கமீலாவின் வீட்டு முன்மதில் பாதிக்குப் பச்சையும் மீதிக்கு வெறும் சீமெந்துமாய் நின்றது. பெயின்ற் அடிக்க வந்தவனைத் திருப்பி அனுப்பியவன் அவளுடைய தம்பி மகன் றிஸ்வான்.

"ஏன்ரா அனுப்பினாய்?"

"வீடே போகப் போகுது மாமி. மதிலுக்கு என்ன வடிவு?"

ஜெர்மனியிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே, கடலை மட்டும் கப்பலில் கடந்து, ஊர் பார்க்க வந்தவன் அவன். திருப்பிக் கொண்டுபோவேன் என்ற வாக்கில் சுங்கம் இறக்குமதித் தீர்வையில்லாமல் வண்டியை உள்ளே விட்டது. அந்த வாக்குக்கு வீட்டைப் பிணைவைத்துக் கையொப்பமிட்டவள் கமீலா. வல்வெட்டித்துறைக் கடலில் குளித்துவிட்டு அவன் கரையேறியபோது சப்பாத்து கிடந்தது, வண்டியைக் காணவில்லை. பொலிஸ் தேடியதுபோல் தேடிவிட்டு, 'வள்ளத்தில் ஏற்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள்' என்று எழுதி முறைப்பாட்டை மூடியது. இப்போது சுங்கக் கந்தோர், வண்டி விலையையே விழுங்கும் தீர்வையைக் கட்டு, இல்லையேல் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவா என்கிறது.

உறுதியை மடியில் வைத்துக்கொண்டு சுங்கக் கந்தோரில் அதிகாரி குகதாசனுக்கு முன்னால் இருந்தாள் கமீலா.

"எனக்கும் கவலைதான் அம்மா. சட்டம் அப்பிடி. வண்டி வெளியிலை போகேல்லை, நாட்டுக்குள்ளைதான் கிடக்கு. அப்ப அது இறக்குமதி."

"உள்ளுக்கைதான் கிடக்கெண்டு வடிவாத் தெரியுமோ தம்பி?"

"ஓம்."

கமீலா வண்டிச் சாவியை மேசையில் வைத்தாள். "அப்ப எழும்புங்கோ. எங்கை எண்டு காட்டுங்கோ, எடுத்துக்கொண்டு போறம்."

றிஸ்வான் அவள் கையைச் சுரண்டினான். "மாமி, சண்டை வேண்டாம். தவணை கேப்பம்."

"சும்மா இரடா. வண்டியைத்தான் காக்கத் தெரியேல்லை, வாயையாவது காத்துக்கொள்."

பொலிஸ் கொடுத்த கடிதத்தைச் சாவிக்குப் பக்கத்தில் விரித்தாள். "அவை வண்டி வெளியிலை போயிட்டுது எண்டினம். நீங்கள் உள்ளுக்கை எண்டுறியள். வெளியிலை எண்டால் தீர்வை இல்லை. உள்ளுக்கை எண்டால் தேடித் தாங்கோ. அவையும் அரசாங்கம், நீங்களும் அரசாங்கம். முதல்லை ஒரு கதையாக் கதைச்சிட்டு வாங்கோ."

குகதாசன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "மேலிடத்துக்கு எழுதிக் கேக்கிறன். பதில் வருமட்டும் உறுதி இஞ்சை இருக்கட்டும்."

"இராது."

"அம்மா..."

"தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லேக்கை வாப்பாவின்ரை லொறி வீட்டு முற்றத்திலை நிண்டது. திரும்பி வரேக்கை லொறியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. அதுக்கு ஆர் தம்பி எங்களுக்குக் கட்டினது? நாங்கள் ஆரிட்டையும் கேக்கேல்லை. கல்லுக் கல்லா நாங்களே கட்டினம். இந்த உறுதி இனி என்ரை மடியை விட்டு இறங்காது."

"வழக்குப் போடுவினம்."

"போடட்டும். கோட்டுக்கு எனக்கு வழி தெரியும்."

சாவியையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு எழும்பினாள். குகதாசன் மறிக்கவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. றிஸ்வான் அவளுக்குப் பின்னால் ஓடிவந்தான். "உண்மையாவே வழக்குப் போட்டால் மாமி?"

"முதல்லை அந்தப் பெயின்ற்காரனுக்குக் கோல் எடு."

"இப்பவோ?"

"இப்பதான். மிச்சத்தை இன்னும் கடும்பச்சையா அடிக்கச் சொல்லு. கந்தோர்க்காரர் வந்தால் வீடு தெரு முனையிலையே தெரியோணும்."