ஆறாவது கோல்

ஸ்வீடன்காரர்களுக்கு, அரங்குக்குள் ஆடும் ஹாக்கி மாதிரியான ஃப்ளோர்பாலில் தோற்கத் தெரியாது. ஃபின்லாந்து மட்டும் எப்போதாவது பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும். மற்ற நாடுகளெல்லாம் வரும், அடிவாங்கும், போகும். அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், ஃபாலுன் நகர அரங்குக்கு அடிவாங்க வந்திருந்தது ஐஸ்லாந்து.

ஸ்வீடன் வீரன் அல்கோத்துக்கு நாட்டின் மஞ்சள் சட்டையில் அதுதான் கடைசி ஆட்டம். திங்கட்கிழமை முழங்காலில் கத்தி வைக்கிறார்கள். அதற்குப் பிறகு படியேறினாலே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாட்டுக்காக அதிகக் கோல் அடித்தவன் என்ற பெயருக்கு இன்னும் ஆறு கோல் பாக்கி. சாதனை எண்ணைப் பொறித்த பித்தளைப் பலகைகூட அறிவிப்பாளர் மேசைக்கடியில் தயாராக இருந்தது. ஐஸ்லாந்துதானே, ஆறு கோல் ஒரு கோலா என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனும் நினைத்தான்.

பாதி ஆட்டத்துக்குள்ளேயே ஐந்து வந்துவிட்டது. ஐந்தாவதுதான் வினையானது. அல்கோத் விட்ட பந்து ஐஸ்லாந்து கோல்கீப்பரின் தொண்டையில் நேராக இறங்கியது. ஸ்டுர்லா என்று பெயர், நாற்பதைத் தாண்டிய ஆள், மீன்பிடிக் கப்பலில் வேலை. ஃப்ளோர்பாலில் கோல்கீப்பருக்கு மட்டை கிடையாது; முழங்காலில் நின்று கையாலும் உடம்பாலும் தடுக்க வேண்டியதுதான். மூச்சு விட முடியாமல் அவன் தரையில் புரண்டபோது, காலடியில் விழுந்த பந்தை அல்கோத் மெதுவாக உள்ளே தள்ளினான். தள்ளியதோடு போயிருக்கலாம். குனிந்து அவன் தலைக்கவசத்தை, நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல இரண்டு தட்டு தட்டினான். கேலரி சிரித்தது.

அதற்குப் பிறகு ஸ்டுர்லா மற்றவர்கள் அடித்ததையெல்லாம் ஏனோதானோவென்று விட்டான். அல்கோத் மட்டையைத் தூக்கினால் மட்டும் உடம்பை வாரி எறிந்தான். பந்து அவன் விலாவில் அறைந்தது, தொடையில் அறைந்தது, கவசக் கம்பியை வளைத்து உதட்டைக் கிழித்தது. வெள்ளைச் சட்டையின் முன்புறம் சிவந்துவிட்டது. ஸ்வீடன் இருபத்தாறு, ஐஸ்லாந்து பூஜ்யம். அல்கோத் ஐந்திலேயே நின்றான்.

அல்கோத்துக்கு வெறி ஏறியது. இப்போது அவன் வலையைப் பார்த்து அடிக்கவில்லை, ஆளைப் பார்த்து அடித்தான். தடுக்க வந்த ஐஸ்லாந்துப் பையனை முழங்கையால் இடித்துக் களத்தைச் சுற்றிய தடுப்புப் பலகைமேல் சாய்த்தான். பையனின் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. தண்டனையாக அல்கோத்தை இரண்டு நிமிடம் வெளியே உட்காரவைத்தார்கள்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த அணித்தோழன் தூரே பல்லைக் காட்டினான். "என்னடா, உன் ஆறாவது கோல் அந்தக் கிழவன் மடியில உக்காந்துட்டு எறங்க மாட்டேங்குதா?"

"வாய மூடு. அவன் கைய உடைச்சாவது எடுக்குறேன்."

"பேசிட்டே இரு. ஆட்டம் முடிஞ்சிரும்."

அல்கோத் திரும்பி உள்ளே போனபோது ஸ்டுர்லா ரத்தத்தைத் துப்பிவிட்டு, பள்ளியில் படித்த, ஸ்வீடன்காரனுக்கும் புரிகிற டேனிஷில் அவனைக் கூப்பிட்டான். "வா தம்பி. இன்னும் பலமா அடி. எங்க கப்பல் சமையக்காரனே இதவிட நல்லா அடிப்பான்."

அல்கோத் அடித்தான். நெஞ்சில் பட்டது. திரும்ப அடித்தான். வயிற்றில் பட்டது. ஸ்டுர்லா கவிழ்ந்து விழுந்தான். ஆனால் பந்தின்மேல் வலது கையைப் பொத்தி அழுத்திவிட்டான். கோல்கீப்பர் கை வைத்த பந்தை யாரும் தொடக்கூடாது. அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாற்பது நொடி பாக்கி. ஒரு நடுவர் தூரத்தில் இருந்தார், இன்னொருவருக்கு முன்னால் தூரேயின் அகல முதுகு. அல்கோத் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் மட்டையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி அந்தக் கைமேல் இறக்கினான். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. இன்னொரு முறை இறக்கினான். விரல்கள் விலகின. பந்து கோட்டைத் தாண்டி உருண்டது.

நடுவர் விசில் ஊதி நடுவட்டத்தைக் காட்டினார். கோல்.

தூரே ஓடிவந்து கட்டிக்கொண்டான். ஆனால் காதில் சொன்னது வேறு. "பாவி, நான் பாத்தேன்டா."

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியிலும் சிறந்த ஆட்டக்காரனை நடுவில் கூப்பிட்டுக் கைகொடுக்கவைப்பது வழக்கம். ஸ்வீடனுக்கு அல்கோத். ஐஸ்லாந்துக்கு, வேறு யார், ஸ்டுர்லா. வலது கையில் ஐஸ் பையோடு நொண்டி நொண்டி வந்தான். நடுவட்டத்துக்கு வந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினான். அது நீலமாக வீங்கியிருந்தது. இரண்டு விரல்கள் திசைமாறிக் கிடந்தன.

அல்கோத் தன் வலது கையைப் பின்னுக்கு இழுத்தான். "இடது கை குடு, போதும்," என்றான்.

"இதத்தானே அடிச்சே? இதையே புடி."

கேமராக்கள் காத்திருந்தன. அல்கோத் பிடித்தான். ஸ்டுர்லா இறுக்கினான். உள்ளங்கைக்குள் எலும்புகள் ஒன்றோடொன்று உரசி நகர்வதை அல்கோத் உணர்ந்தான். வலியில் அந்த மனிதனின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பிடி மட்டும் தளரவில்லை.

"அஞ்சு," என்றான் ஸ்டுர்லா. "ஊருக்கு என்ன வேணா சொல்லிக்கோ. அஞ்சுதான்."

ஒலிபெருக்கி சாதனை எண்ணைக் கத்தியது. அரங்கம் எழுந்து நின்றது. ஸ்டுர்லா கோத்த கையை விடாமல் அப்படியே எல்லோரும் பார்க்கும்படி உயரத் தூக்கினான். முதல் வரிசையில் இருந்தவர்களின் கண்ணில் அந்த விரல்கள் பட்டன. அங்கே கைதட்டல் நின்றது. பிறகு அதற்கடுத்த வரிசையிலும் நின்றது.

முறிந்த விரல்கள்தானே, ஒரு உதறு உதறினால் விட்டிருக்கும். அல்கோத்தால் உதற முடியவில்லை.